நாலு புள்ளி ஒன்று

ஜூலை 3, புதன்

டிஸ்பென்சரி நர்ஸ் பிலோமினா சிஸ்டர் பாப்பாவின் காய்ச்சலை எழுதி வைக்கச் சொன்னதால் இந்த நோட்டு. டீ ஃபேக்டரியில் இலை எடை எழுதக் கொடுத்தது. பாதிக்கு மேல் வெறும் பக்கம். எழுதிய பக்கங்களைக் கிழித்துவிட்டேன்.

பெயர் தன்ஷிகா. வயது இரண்டரை. நேற்று காலையிலிருந்து காய்ச்சல், இருமல்.

காலை 8 மணி – 101.4. காய்ச்சல் மருந்து கொடுத்தேன்.
மதியம் 12 மணி – 100.2. ரெண்டு ஸ்பூன் கஞ்சி. ஒன்றைத் துப்பிவிட்டாள்.

காலையில் ஆறு மணிக்கே வசந்தமணி கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். எனக்கு ரெண்டு மணி ஷிப்ட் என்பதால் காலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது எப்போதும் நான்தான். மழைக்கோட்டுக்குள் பாப்பாவை வைத்துக்கொண்டு எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு இறங்கினேன். அட்டை ரெண்டு என் காலில் ஏறியது. அவள் மேல் ஏறவில்லை.

சிஸ்டர் பாப்பாவின் சட்டையைத் தூக்கி, செல்போனில் ஒரு நிமிஷம் வைத்து மூச்சை எண்ணினார். நாற்பத்து நாலு. "கொஞ்சம் வேகம்தான். அம்பதைத் தாண்டினாலோ, நெஞ்சு உள்ள இழுத்தாலோ உடனே தூக்கிட்டு வந்துடு" என்றார். பிறகு கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"குணசீலா, இரும்புச்சத்து டானிக் ஒழுங்கா கொடுக்கறியா?"

"கொடுக்கறேன் சிஸ்டர்."

"மூணாவது பாட்டில்தானே?"

"அதுவும் முடியப் போகுது."

"அப்புறம் ஏன் கண்ணு இப்படி வெளுத்துக் கெடக்கு? ஏப்ரல்ல டெஸ்ட் எடுத்தப்ப ரத்தம் ஏழு இருந்துச்சு. இத்தனை நாள் டானிக் குடிச்சதுக்கு இந்நேரம் பத்துக்காவது வந்திருக்கணுமே."

எனக்கு எப்படித் தெரியும்.

காய்ச்சல் விடும் வரை டானிக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னார். சரி என்றேன். வெளியே வந்தபோது கொஞ்சம் லேசாக இருந்தது.

ஜூலை 4, வியாழன்

காலை 7 மணி – 102.
11 மணி – 101.6.
3 மணி – 102.2. இன்று லீவு போட்டுவிட்டேன்.

பால் நாலு வாய். மூத்திரம் ரெண்டு தரம்.

எழுந்து உட்கார மாட்டேன் என்கிறாள். என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டே இருக்கிறாள். இவள் ஆறு மாசமாகவே அதிகம் ஓட மாட்டாள். எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் மற்ற பிள்ளைகள் மண்ணில் உருளும்போது இவள் மட்டும் ஆயா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். சமத்து என்று சொல்வார்கள். சுவர் ஓரமாகப் போய்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்பாள், அது ஒன்றுதான் கெட்ட பழக்கம். ரெண்டு தரம் கையில் அடித்திருக்கிறேன்.

எஸ்டேட் லைன் வீடுகளில் எல்லோருக்கும் இவள் நிறம் மேல் ஒரு கண். நானும் கறுப்பு, வசந்தமணியும் கறுப்பு. "உங்க வீட்டுல யாரு இவ்வளவு வெள்ளை?" என்று கேட்பார்கள். மலைக் குளிரில் பிறந்த பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்பேன். எனக்கு அதில் பெருமைதான்.

ஐந்து மணிக்கு வசந்தமணி வந்தாள். ஈரத்தோடு நின்றபடியே காய்ச்சல் எவ்வளவு என்று கேட்டாள். அவளுக்கு இது ஐந்தாம் மாசம். சாப்பிட்டதும் அவள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காலண்டரில் அன்றைய தேதியில் ஒரு கோடு கிழித்தாள். ஒரு நாள்கூட அவள் மறந்ததில்லை.

"பாப்பாவுக்கு டானிக் எவ்வளவு மிச்சம் இருக்குங்க?"

"காய்ச்சல் விட்டதும் ஆரம்பிக்கச் சொன்னாங்க" என்றேன்.

ஜூலை 5, வெள்ளி

பொள்ளாச்சி ஆஸ்பத்திரி. குழந்தைகள் வார்டு, ஏழாம் கட்டில்.

காலையில் மூச்சு அறுபத்து ரெண்டு. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. டிஸ்பென்சரிக்கு ஓடினேன். சிஸ்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆம்புலன்ஸுக்கு போன் செய்தார். வசந்தமணி தோட்டத்திலிருந்து கூடையைப் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளோடு அப்படியே ஏறினாள்.

மலையிலிருந்து இறங்க நாற்பது வளைவு. ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. நாற்பதிலிருந்து ஒன்று வரை எல்லாவற்றையும் பார்த்தேன். பாப்பாவின் முகத்தைப் பார்க்காமல் இருக்க எனக்கு அது உதவியது. இருபத்தேழில் வாந்தி எடுத்தாள். பதினொன்றில் கண்ணை மூடினாள். "தன்ஷி, தன்ஷி, அம்மாவைப் பாரு" என்று வசந்தமணி கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

இங்கே வந்ததும் ஆக்சிஜன் வைத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் ரேணுகா என்று ஒரு அம்மா. நாற்பது வயசு இருக்கும். வேகமாக நடக்கிறார், பேசும்போது மட்டும் நின்று பேசுகிறார்.

"நிமோனியா. ரெண்டு பக்கமும் சளி கட்டியிருக்கு. அதுக்கு ஊசி போட்டாச்சு. ஆனா இன்னொண்ணு இருக்கு. ரத்தம் நாலு புள்ளி ஒண்ணுதான் இருக்கு. பதினொண்ணு இருக்கணும்."

வசந்தமணிக்குப் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"நுரையீரல் உள்ள இழுக்கிற காத்தை உடம்பு முழுக்க எடுத்துட்டுப் போறது ரத்தம்தாம்மா. இப்ப காத்தும் பத்தலை, அதைச் சுமக்கிற ரத்தமும் இல்லை. அதனால இதயம் ரெண்டு மடங்கு ஓடுது. சளிக் காய்ச்சல் வந்தா ரத்தம் கொஞ்சம் குறையும்தான். ஆனா நாலு ஆகறதுக்கு மூணு நாள் காய்ச்சல் போதாது. இது பல மாசமா இருந்திருக்கு."

"ஏப்ரல்ல ஏழு இருந்துச்சு டாக்டர்" என்றாள் வசந்தமணி. "சிஸ்டர் டானிக் கொடுத்தாங்க. தவறாம கொடுத்தோம்."

"தினமுமா?"

"தினமும். இவர்தான் கொடுப்பார். காலையில நான் வேலைக்குப் போயிடுவேன். இவர் ஒரு நாள்கூட விட்டதில்லைங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"அப்ப இது இரும்புச்சத்து குறைவு மட்டும் இல்லை" என்று டாக்டர் தனக்குத்தானே சொல்வது போலச் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார்.

ஜூலை 6, சனி

இன்று ரத்தம் ஏற்றினார்கள்.

அதற்கு முன்னால் இன்னும் ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்கள். பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க, வெளி ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே எடுத்தாக வேண்டுமாம். ரெண்டரை மாசம் டானிக் குடித்தும் ஏறாத பிள்ளைக்கு வேறு காரணம் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

நரம்பு கிடைக்கவில்லை. வலது கை, இடது கை, கால். மூன்று இடத்தில் குத்தினார்கள். அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்தாள். சத்தமே வரவில்லை. வசந்தமணி வெளியே போய்விட்டாள். அவள் காலை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். இல்லாத ரத்தத்தில் இருந்து மூன்று சின்னக் குப்பி எடுத்துக்கொண்டு போனார்கள்.

நானும் ரத்தம் கொடுத்தேன். பாப்பாவுக்கு ஏற்றுவது வேறு ஒருவருடையது, நான் கொடுப்பது வேறு யாருக்கோ போகும். ஊசி போடும் முன் என் விரலில் குத்திப் பார்த்த பையன், "பதினஞ்சரை. நல்லா இருக்குங்கண்ணே" என்றான்.

இதயம் தாங்காது என்று ரொம்ப மெதுவாக ஏற்றினார்கள். சொட்டு சொட்டாக நாலு மணி நேரம். அதுவும் முழுசாக இல்லை, மிச்சம் நாளைக்கு.

ஜூலை 7, ஞாயிறு

காய்ச்சல் காலை 99.4. மதியம் 99.

உதடு சிவந்திருக்கிறது!

நான் இப்படி அவள் உதட்டைப் பார்த்ததே இல்லை. உள்ளங்கையும் சிவந்துவிட்டது. ரெண்டாம் முறை ரத்தம் ஏறி முடிந்து பார்த்தால், பாப்பா கறுப்பாக இருக்கிறாள். வசந்தமணியின் நிறம், அச்சாக அதே நிறம். வசந்தமணி தன் கையைப் பாப்பா கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "என் பிள்ளைதான், நம்புங்க" என்று சிரித்தாள். வெள்ளி முதல் அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

ஆக்சிஜன் குழாயோடு எழுந்து உட்கார்ந்தாள். அரை இட்லி தின்றாள். எட்டாம் கட்டிலில் ஷேக் தாவூத் பாயின் மகன் இருக்கிறான், அவனுக்கு டெங்கு, தேறிவிட்டான். அவனுடைய பொம்மை பஸ்ஸைக் கேட்டு அடம் பிடித்தாள். அடம் பிடித்தாள்! அவன் கொடுத்துவிட்டான். பஸ்ஸை என் வயிற்றின் மேல் ஓட்டி, "பாம், பாம், தள்ளுப்பா" என்றாள்.

டாக்டர் ரேணுகாகூட நின்று பார்த்துவிட்டுப் போனார். இன்னும் ரெண்டு நாள் பார்க்கணும் என்றார். பார்க்கட்டும். பஸ் ஓட்டுகிற பிள்ளைக்கு என்ன ஆகப்போகிறது.

எல்லாம் சரியாகிவிட்டால் சொல்வதற்கு எதுவும் இல்லை.

ஜூலை 8, திங்கள்

காலை 100.8. மதியம் 101.

இட்லி வேண்டாம் என்றுவிட்டாள்.

டாக்டர் வந்து எங்கள் ரெண்டு பேர் ரத்தத்தையும் பரிசோதிக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டார். சில குடும்பங்களில் ரத்தம் ஒழுங்காக உற்பத்தி ஆகாத குணம் அப்பா அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வருமாம். வசந்தமணி உடனே கேட்டாள், "என் தம்பி நாலு வயசுல செத்துட்டான் டாக்டர். வெளுத்துப் போய்த்தான் செத்தான். அது மாதிரியா?"

"தெரியலைம்மா. டெஸ்ட் பார்த்தாத்தான் தெரியும்."

மத்தியானம் தண்ணீர் பிடிக்கப் போனவளைக் காணோம் என்று தேடினால், குழாயடியில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கிட்ட இருந்துதான் வந்திருக்கு" என்றாள்.

"அப்படியெல்லாம் இருக்காது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க பக்கம் யாரும் இப்படி இல்லை. எங்க வீட்டுலதான் செத்திருக்கான். என் ரத்தம்தாங்க கெட்ட ரத்தம்." வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். "இதுக்கும் அதுதானே ஓடுது."

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

காலை 103.

டாக்டர் சொன்னார்: டெஸ்ட் முடிவு வரத் தாமதமாகும், கோயமுத்தூருக்கு அனுப்பியிருக்கிறது. காய்ச்சல் மறுபடி ஏறுகிறது, சளியும் இறங்கவில்லை. இடுப்பு எலும்புக்குள் ஊசி விட்டு மஜ்ஜை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். எலும்புக்குள்.

டாக்டர் வார்டை விட்டுப் போகும்போது பின்னாலேயே போனேன். படிக்கட்டுப் பக்கம் நிறுத்தினேன்.

"டாக்டர், அந்த ஊசி வேண்டாம்."

"பயப்படாதீங்க, மரத்துப்போக மருந்து கொடுத்துட்டுத்தான்..."

"அதுக்கில்லைங்க. அவளுக்கு வேற நோய் எதுவும் இல்லை. நான் டானிக் கொடுக்கலை."

அவர் கையில் பேனா இருந்தது. அதை மூடிச் சட்டைப் பையில் வைத்தார்.

"எத்தனை நாள் கொடுத்தீங்க?"

"பதினோரு நாள்."

"ரெண்டரை மாசத்துல."

"ஆமாங்க."

இந்த நோட்டில் இதுவரை எழுதாததை இப்போது எழுதிவிடுகிறேன். டாக்டரிடம் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

அந்த டானிக் அவளுக்குப் பிடிக்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். மூக்கைப் பிடித்து ஊற்றினேன். புரையேறி, வாந்தி எடுத்து, சட்டையெல்லாம் கறையாகி அழுதாள். நாலாம் நாள் மலம் கரியாகப் போனது. அப்படித்தான் போகும், பயப்படாதே என்று சிஸ்டர் முன்னாடியே சொல்லியிருந்தார். இருந்தும் பயந்தேன். பிறகு நான் அலமாரியைத் திறந்தாலே ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ள ஆரம்பித்தாள். என்னைப் பார்த்துத்தான் ஒளிந்தாள். வேறு யாரையும் பார்த்து அப்படி ஓட மாட்டாள். பன்னிரண்டாம் நாள் காலை கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சரி, இன்றைக்கு ஒரு நாள் வேண்டாம் என்று விட்டேன். உடனே வெளியே வந்து என் முதுகில் ஏறிக்கொண்டாள்.

அடுத்த நாளும் விட்டேன். பாட்டில் குறையாவிட்டால் வசந்தமணி கேட்பாள் என்று, தினமும் ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் இடத்தில் ஊற்றினேன். மூணு பாட்டிலும் அப்படித்தான் போனது. பார்ப்பதற்கு நன்றாகத்தானே இருந்தாள். நோய் என்று எதுவும் தெரியவில்லையே.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"முதல் நாளே சொல்லியிருந்தா வேற வைத்தியம் பண்ணியிருப்பீங்களா டாக்டர்?"

"இல்லை. இதே ஊசி, இதே ரத்தம்தான். சில டெஸ்ட் மிச்சமாகியிருக்கும்."

"அப்ப நான் சொல்லாததால ஒண்ணும்..."

"முதல் நாள்ங்கறது வெள்ளிக்கிழமை இல்லைங்க" என்றார். பிறகு, "அவங்கம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லை."

"சொல்லிடுங்க. அவங்க தன் ரத்தம்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க."

எலும்பு ஊசியை நிறுத்திவிட்டார். நான் வார்டுக்கு வந்தேன். வசந்தமணி ஈரத்துணியால் பாப்பாவின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

ஜூலை 10, புதன்

கோயமுத்தூருக்குக் கொண்டுவந்துவிட்டோம். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதாம். மூச்சுக்கு மெஷின் வைத்திருக்கிறார்கள். உள்ளே விடவில்லை.

ஜூலை 11, வியாழன்

காலை 10.40.

ஜூலை 14, ஞாயிறு

வெள்ளிக்கிழமையே அடக்கம் செய்தாகிவிட்டது. எஸ்டேட்டில் எல்லோரும் வந்தார்கள். மழை விடவே இல்லை. வெட்டிய குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது, வாளியால் இறைத்து இறைத்து ஊற்றினார்கள். தண்ணீரில் வைக்க முடியாது என்று நான் கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. வாழையிலை நிறைய வெட்டிக் கொண்டுவந்து அடியில் பரப்பினார்கள். அது நினைவிருக்கிறது.

ஜூலை 17, புதன்

துக்கம் கேட்க வருகிறவர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள். என்ன நோய் என்று கேட்கிறார்கள். வசந்தமணியே சொல்லிவிடுகிறாள். "என் வழியில வந்த ரத்த நோய்."

இன்று என் பெரியம்மா மகள் வந்திருந்தாள். "இவ தம்பியும் இப்படித்தானே போனான்? அப்பவே விசாரிச்சிருக்கணும், கட்டறதுக்கு முன்னாடி" என்றாள். வசந்தமணி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தேன்.

ஜூலை 19, வெள்ளி

வேலைக்குப் போனேன். இலை வாடவைக்கும் தட்டில் ஒரு பக்கம் கருகிவிட்டது. தயாரிப்பை மேற்பார்க்கும் டீமேக்கர் ஒன்றும் சொல்லவில்லை. யாருமே என்னை ஒன்றும் சொல்வதில்லை.

ஜூலை 22, திங்கள்

பிலோமினா சிஸ்டர் ஃபேக்டரி வாசலுக்கே வந்தார். டெஸ்ட் முடிவு டிஸ்பென்சரிக்கு வந்திருக்கிறது. பாப்பாவுடையதும் எங்களுடையதும். மூன்றிலும் எந்தக் கோளாறும் இல்லை. பாப்பாவுக்கு இருந்தது வெறும் இரும்புச்சத்துக் குறைவு.

"டானிக்லயே சரியாகி இருக்க வேண்டியது, குணசீலா" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் கொடுத்த பாட்டில்ல ஏதாவது கோளாறா? பழைய சரக்கா? ராத்தூக்கமே இல்லை எனக்கு. மத்த பாட்டிலை எல்லாம் எடுத்துத் தேதி பார்த்துட்டேன்."

இவரும் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"பாட்டில்ல எதுவும் இல்லை சிஸ்டர்" என்றேன். காகிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

போகும்போது சிஸ்டர் சொன்னார், "வசந்தமணி காலையில வந்தா. வயித்துல இருக்கறதைக் கலைக்க முடியுமான்னு கேட்டா. இதையும் பெத்து மண்ணுக்குக் கொடுக்கவான்னு கேட்டா. நான் திட்டி அனுப்பிட்டேன். வீட்டுல பார்த்துக்கோ."

ஜூலை 23, செவ்வாய்

ஷிப்டுக்குப் போகவில்லை. மதியம் வசந்தமணி கட்டிலில் சுருண்டு படுத்திருந்தாள். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. நான் தரையில் உட்கார்ந்தேன். காகிதத்தைக் கொடுத்தேன்.

"உன் ரத்தத்துல எந்தக் கோளாறும் இல்லை, மணி. பாப்பாவுக்கும் இல்லை."

எழுந்து உட்கார்ந்தாள். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்புறம் ஏன்?"

"நான் டானிக் கொடுக்கலை."

"எந்த நாளு?"

"எந்த நாளும். முதல்ல பதினோரு நாள் கொடுத்தேன். அப்புறம் கொடுக்கவே இல்லை."

அவளுக்கு அது உள்ளே இறங்கவில்லை. "பாட்டில் காலியாச்சே. நான்தானே சிஸ்டர்கிட்ட வேற பாட்டில் வாங்கிட்டு வந்தேன்."

"ஊத்திட்டேன்."

"எங்க?"

"பின்னாடி. பாத்திரம் கழுவற இடத்துல."

எழுந்து பின்பக்கம் போனாள். மழை பெய்துகொண்டிருந்தது. பாத்திரம் கழுவும் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, சாக்கடைக்குத் தண்ணீர் ஓடும் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நனைகிறாளே என்று நான் குடையை எடுத்தேன். எடுத்துக்கொண்டு போகத் தைரியம் வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளே வந்தபோது முந்தானையிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"ஏன் கொடுக்கலை?"

சொன்னேன். மூக்கைப் பிடித்ததை, வாந்தியை, கட்டிலுக்கு அடியில் ஒளிந்ததை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"வாயைப் பொத்திக்குவாளா?"

"ரெண்டு கையாலயும்."

"அப்புறம் எப்படி வெளிய வருவா?"

"அலமாரிக் கதவைச் சாத்தினதும் வந்துடுவா. வந்து என் முதுகுல ஏறிக்குவா."

அப்போதுதான் அழுதாள். அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை. தரையில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு நின்று நின்று அழுதாள். நான் கிட்டே போனேன். கையை நீட்டினேன். அவள் நகர்ந்துகொண்டாள்.

ரொம்ப நேரம் கழித்து, சுவரில் சாய்ந்துகொண்டு பேசினாள்.

"பிள்ளை அழுதா மனசு கேட்காது. அது எனக்கும் தெரியும். நானா இருந்தாலும் ஒரு நாள் ரெண்டு நாள் விட்டிருப்பேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தோட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடி எழுப்பிக் கொடுத்திருப்பேன். சர்க்கரை போட்டுக் கொடுத்திருப்பேன். என்கிட்ட ஏன் சொல்லலை?"

"பயமா இருந்துச்சு."

"ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டப்ப?"

"பயமா இருந்துச்சு."

"சரி. பாப்பா போன பிறகு என்ன பயம்? உங்க அக்கா என் செத்த தம்பியை இழுத்துப் பேசினா. நான் கெட்ட ரத்தம்னு தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருந்தேன். நீங்க டீ ஊத்திக்கிட்டு இருந்தீங்க."



ஜூலை 25, வியாழன்

டிஸ்பென்சரிக்குப் போய் பிலோமினா சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார்ந்துவிட்டார். பிறகு, "வீட்டுக்குப் போ" என்றார்.

பெரியம்மா மகளுக்கும் போன் செய்தேன். வசந்தமணியின் ரத்தத்தில் குறை இல்லை, தப்பு என்னுடையது என்றேன். "அவ பேச்சைக் கேட்டுக்கிட்டுப் பழியை உன் தலையில போட்டுக்காதே" என்றாள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பாதியில் வைத்துவிட்டாள்.

வசந்தமணி சமைக்கிறாள். எனக்கும் தட்டில் போடுகிறாள். பேசுவதில்லை. அவள் மாத்திரையை மறுபடி போட்டுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறாள்.

ஜூலை 28, ஞாயிறு

உடுமலையில் அவள் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றாள். பிரசவம் அங்கேயே பார்த்துக்கொள்வாளாம். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை.

ஒரு பையும் ஒரு கட்டைப்பையும்தான். பையை நான் தூக்கிக்கொண்டேன். அதைத் தடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் முன்னால் அவளும் பின்னால் நானுமாக நடந்தோம். மழை விட்டிருந்தது. பஸ் வர இருபது நிமிஷம் ஆனது. பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. நான் நின்றுகொண்டேன்.

"மலை இறங்கறப்ப வாந்தி வரும். எலுமிச்சம்பழம் வெச்சிருக்கியா?" என்றேன்.

வைத்திருக்கிறேன் என்று தலையாட்டினாள்.

பஸ் வந்ததும் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். நான் பையைக் கீழிருந்து நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பேச மாட்டாள் என்று நினைத்துத் திரும்பப் போனேன்.

"இங்க பாருங்க" என்றாள்.

நின்றேன்.

"பொறந்ததும் போன் பண்ணச் சொல்றேன். வந்து பாருங்க. தூக்குங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் வெச்சுக்கோங்க, நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மருந்து மட்டும் நான் கொடுத்துக்கறேன்."

சரி என்றேன். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் கிளம்பிவிட்டது.